சேர்த்துடலாம்

ஊசி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அண்ணன்தான். அவள் பேச்சு குத்தும் என்பது அவர் கட்சி, ஊசிபோல எதையும் மறுபக்கம்வரை போய்ப் பார்க்காமல் விடுவதில்லை என்பது அவள் கட்சி. அந்த அண்ணன், தச்சர், சுவருக்கு அப்பால் தனியே குடியிருப்பவர், இப்போது அவளது தையல் இயந்திரத்துக்கு எதிரே முக்காலியில் அமர்ந்து, தேநீரை ஊதிக்கொண்டே, “நடுச்சுவர இடிச்சு ரெண்டு வீட்டையும் சேர்த்துடலாம்மா” என்கிறார். அம்மாவாம்! நேற்றுவரை ஊசி, இன்று எப்படி அம்மா ஆனாள்?

சேர்த்துடலாம்... எவ்வளவு இனிப்பான சொல்! சட்டையின் கைத்துண்டைத் தோளோடு பொருத்தி, மிதியை மெல்ல அழுத்தினாள். சிறுவயதில் அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள், அழுதாள். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள், அவர் திரும்பவில்லை. அம்மா போனபின், பாத்திரங்கள் இரண்டு வீட்டிலும் சிதறிக் கிடக்க வேண்டாம், ஓரிடத்தில் சேர்த்துவைப்போம் என்றார் இதே அண்ணன்... சேர்ந்தன, அவர் வீட்டுப் பரணில். கேட்டால், “எங்க போயிடுச்சு, வீட்லதானே இருக்கு” என்பார். எந்த வீட்டில்? சுவர் போய்விட்டால் இந்தச் சன்னல் யாருடையது? இதன் வெளிச்சத்தை நம்பித்தானே கறுப்புத் துணியைக்கூடத் துணிந்து தைக்க வாங்கிப்போடுகிறாள்? நாளைக்கே ரம்பமும் இழைப்புளியும் இங்கே வந்து குடியேறா என்பதற்கு யார் பிணை? மரத்தூள் பறக்கும் அறையில் வெள்ளைச் சட்டை தைப்பதா... நன்றாயிருக்கிறது நியாயம்!

“எடம் பத்தலையாண்ணே உங்களுக்கு?”

“ஒத்த ஆளுக்கு எவ்ளோ எடம் வேணும்?”

“அப்புறம் எதுக்கு இடிக்கணும்?”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அளக்கிறாரோ, கண்ணாலேயே அளந்துவிடுவாரே மனிதர்... “முந்தாநாள் குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டேன்,” என்றார் தம்ளரிடம் சொல்வதுபோல. “கத்தினேன். உன் மிஷின் ஓடிட்டிருந்துச்சு.”

மிதியிலிருந்து கால் தானே விலகியது. முழங்கையில் கன்றிப்போன அந்தக் காயம்... பலகை சரிந்து பட்டது என்று நேற்றுச் சொன்னவரும் இவர்தானே? எது பொய், நேற்றையதா, இன்றையதா? பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பார், தேய்க்கவில்லை. ஆனால் ஒரு கையில் தம்ளர், மற்றக் கையோ மடியிலேயே கிடக்கிறது, தூக்க முடியவில்லையா, தூக்கவில்லையா... விழுந்ததை மறைக்கும் அளவுக்கு வீம்பு உண்டுதான். அதைச் சொல்லியே சன்னலை வாங்கும் அளவுக்குச் சாமர்த்தியமும் உண்டே! இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதா என்ன? இத்தனை ஆண்டுகளாக மறுபக்கம் பார்த்தவளுக்கு இவரிடம் எது மறுபக்கம் என்று விளங்கவில்லை.

“சுவர் இருக்கட்டும்ண்ணே,” என்றாள். “நீங்களே ஒரு கதவு செஞ்சு வைங்க. தாழ்ப்பாள் என் பக்கம். போட மாட்டேன். ஆனா என் பக்கம்தான் இருக்கணும்.”