பானை மணலில் வைத்த மாத்திரை

தேனாம்பேட்டை ஆபீஸ் மாடிப்படியில் எனக்கு வலிப்பு வந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நாலு வருஷமாக எட்டிப் பார்க்காத சனியன், தொண்ணூற்றாறு ஐப்பசி மழையோடு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ரத்தத்துல மருந்து பாதிகூட இல்லையேம்மா. ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" என்றார். வேளை தவறாமல் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் கணவர் குருபிரசாத்தைப் பார்த்தார். இவரும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மயிலாப்பூருக்குத் திரும்பும் ஆட்டோவில், "ஸ்ரீ, நெஜத்தைச் சொல்லு. கொழந்தை உண்டாகணும்னு நிறுத்திட்டியா?" என்றார்.

"சாப்டுண்டுதான் இருக்கேன்."

"அப்போ அந்த மருந்தெல்லாம் எங்கே போறது?"

எனக்கு என்ன தெரியும்?

அன்றிலிருந்து மாமியார் ஜெயலக்ஷ்மி எதிரே நின்று நான் விழுங்குவதைப் பார்த்தார். வாயைத் திறந்து காட்டச் சொல்லாததுதான் பாக்கி. அப்படியும் அந்த வாரமே சமையலறையில் விழுந்தேன். "பாத்ரூம்ல போய்த் துப்பிடறாளோ என்னமோ" என்று அவர் பிள்ளையிடம் சொன்னது கூடம்வரை கேட்டது. கோபப்படக்கூட முடியவில்லை. வலிப்புக்கு முன்னால் நடந்தது எதுவும் என் தலையில் தங்குவதில்லை. ஒருவேளை நிஜமாகவே துப்புகிறேனோ? யாரை நம்புவது என்று எனக்கே குழம்பிப் போயிற்று.

"திங்கக்கிழமை வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துடு. ஆத்துல அம்மா பாத்துப்பா" என்று இவர் முடிவு சொல்லிவிட்டார். எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

சனிக்கிழமை நாலு மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிண்டிக்குப் போனேன். என்னோடு கெமிஸ்ட்ரி படித்த ஹாஜிரா பீ அங்கே ஒரு மருந்து கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்தாள். போலி மாத்திரை என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று ஆசையாக இருந்தது.

சோதித்துவிட்டு வந்தாள். "போலி இல்லடி. மருந்து முழுசா இருக்கு."

அப்படியானால் பைத்தியம் நான்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"இருடி, அழாதே" என்று இரண்டு கிளாஸில் தண்ணீர் பிடித்தாள். ஒன்றில் என் மாத்திரை, மற்றதில் அதே மருந்தில் புதிதாக ஒன்று. புதியது பொலபொலவென்று உதிர்ந்தது. என்னுடையது கல்லாட்டம் கிடந்தது.

"இத எங்கே வச்சிருந்தே?"

"மண்பானைக்கு அடியில, மணல்ல. இந்தத் தடவை வாங்கினப்போ கடைக்காரன் குளிர்ந்த எடத்துல வைக்கச் சொன்னான். ஃப்ரிட்ஜுல சாதம் இருக்கும், அதோட பட்டா பத்து, ஆசாரம் போயிடும்னு மாமியார் ஸ்ட்ரிப்லேர்ந்து உதிர்த்து சம்படத்துல போட்டு அங்கே வச்சா."

"ஈர மணல்லயா? நாசமாப் போச்சு. மருந்து மாறலடி, அதோட அடுக்கு மாறிடுச்சு. நடு நடுவுல தண்ணி போய் உக்காந்து, வேற படிகமா இறுகிடுச்சு. இனிமே சரியாக் கரையாது. வயித்துக்குள்ள போயும் ரத்தத்துல சேராம வெளியே போயிடும்."

தண்ணீரைச் சேர்த்துக்கொண்டது தண்ணீரில் கரையாதா? எனக்கு அப்போதும் சரியாகப் புரியவில்லை. புது ஸ்ட்ரிப்போடு வீட்டுக்கு வந்து, இருவரையும் உட்காரவைத்து, இரண்டு டம்ளரில் அதையே செய்து காட்டினேன்.

மாமியார் கல்லாய்க் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு நல்லதுன்னுதானேடி வச்சேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"சாரி, ஸ்ரீ. இப்போ நம்பறேன்" என்றார் இவர். "திங்கக்கிழமை நானே ஆபீஸ்ல கொண்டு விடறேன்."

இத்தனை நாளும் நான் வாய்விட்டுச் சொன்னேன், அழுது சொன்னேன். இந்த மனுஷர் நம்பவில்லை. ஒரு மாத்திரை வாயைத் திறக்காமல் தண்ணீருக்குள் கிடந்தது, அதை உடனே நம்பிவிட்டார். வேலை பிழைத்த சந்தோஷத்தையும் மீறி அதுதான் எனக்கு வலித்தது.

"வேண்டாம். நானே போய்க்கறேன்" என்றேன்.