நடுவில் இருந்த கோடு

என் அக்கா பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவள். இருபத்தெட்டு வருஷம் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டு, பஸ் ஸ்டாண்ட் ஆட்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தது நான்தான். சும்மா இருந்திருக்கலாம்.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளும் சின்னவளும் பதினோரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் மூத்தவள் கூடவே இருந்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் சின்னவளுக்குத் தகவல் போனது கடைசி நாள் சாயங்காலம். அவள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. "வேணும்னே சொல்லாம விட்டுட்டா" என்று வாசலில் நின்று சொன்னவள், அதற்குப் பிறகு மூத்தவளின் போனை எடுக்கவே இல்லை.

புத்தகத்துக்காகப் பத்துக் கேள்வி தயார் செய்து இருவரிடமும் கேட்டேன். அவர்கள் போனில் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். யாருடையது முதலில் என்பதில்தான் வம்பு வந்தது.

"நான்தானே மூத்தவ? என்னோடதுதான் முதல்ல வரணும்" என்றாள் மூத்தவள்.

"அவளுக்குப் பின்னாடிதான்னா என்னோடதைப் போடவே வேணாம் சித்தி" என்றாள் சின்னவள்.

நான் டேபிள் போட்டுவிட்டேன். இடது பக்கம் மூத்தவள், வலது பக்கம் சின்னவள், நடுவில் கோடு. யாரும் முன்னால் இல்லை, யாரும் பின்னால் இல்லை. என்னை ஐ.நா. சபையில் வைத்துக்கொள்ளலாம். அடித்து முடித்ததும் அவளவள் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். மற்றவள் என்ன சொன்னாள் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஏழாவது கேள்விக்கு மூத்தவள் சொன்ன பதிலை அடிக்கும்போது மட்டும் என் கை நின்றுவிட்டது.

"இதை அவகிட்ட சொன்னியாடி?"

"போனை எடுத்தாத்தானே சொல்றதுக்கு? நீங்களும் தூது போகாதீங்க சித்தி. புக்கு வந்தப்புறம் படிச்சா படிக்கட்டும்."

படிக்க மாட்டாள். அதுதான் என் கவலை. மூத்தவள் பேச்சை எடுத்தாலே, "அவளைப் பத்தின்னா வெச்சிடறேன்" என்பாள், வைத்தும் விடுவாள். புத்தகம் கைக்கு வந்தாலும் வலது பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிரஸ்காரர் கூப்பிட்டார். "அம்மா, இந்தக் கட்டமெல்லாம் வேணாம்மா. நம்ம பக்கம் உள்ளங்கை அளவு. டேபிள் பாதி வெளியில ஓடிடுது. வெறும் எழுத்தா மாத்தி அனுப்புங்க. வியாழக்கிழமை அச்சுக்கு ஏத்தணும்."

அதற்கும் வழி இருக்கிறது. டேபிளில் கர்சரை வைத்தால் மேலே 'கன்வர்ட் டு டெக்ஸ்ட்' வருகிறது. அழுத்தினேன். கட்டங்களை எதை வைத்துப் பிரிக்கட்டும், பத்தியா, டேபா, கமாவா என்று கேட்டது. பத்தி என்றேன். கோடெல்லாம் மறைந்து, கேள்வி, அதன் கீழே மூத்தவள், அவளுக்குக் கீழே சின்னவள், பிறகு அடுத்த கேள்வி என்று கடகடவென்று இறங்கி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேவ் செய்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்ப வந்து திறந்து பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று பத்தி சொல்லியிருந்தாள். கட்டத்துக்குள்ளே இருந்த பத்தியும், கட்டத்தைப் பிரிக்க வந்த பத்தியும் இப்போது ஒரே மாதிரி இருந்தன. மூத்தவள் எங்கே முடிகிறாள், சின்னவள் எங்கே ஆரம்பிக்கிறாள் என்றே தெரியவில்லை. மூடிவிட்டதால் பழையபடி கொண்டுவரவும் வழியில்லை. வேறு பிரதியும் வைக்கவில்லை. பாதி எனக்கு ஞாபகம் இருந்தது. மீதியை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே அம்மாவைப் பற்றித்தானே சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் முழுசையும் இரண்டு பேருக்கும் அனுப்பி, உன்னுடைய பத்தி எது என்று குறித்து அனுப்பு என்றேன். முதலில் மூத்தவள் கூப்பிட்டாள்.

"என்ன சித்தி பண்ணி வெச்சிருக்கீங்க? அவ சொன்னதை எல்லாம் நான் படிக்கணுமா?"

"படிச்சாத்தானே உன்னோடது எதுன்னு தெரியும்."

"நல்லா பண்ணீங்க போங்க. உங்களுக்கு யாரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தது?"

"நீதான்."

முனகிக்கொண்டே போனை வைத்தாள். அரை மணியில் பட்டியல் வந்தது. சின்னவள் பதினோரு மணிக்குத்தான் கூப்பிட்டாள்.

"சித்தி, ஏழாவது கேள்வி."

அம்மா உன்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன என்பதுதான் ஏழாவது கேள்வி. அதன் கீழே இரண்டே பத்தி. 'அவளுக்கு வேலை நிரந்தரமாகிற பரீட்சை. முடிக்கிற வரைக்கும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாங்க. பரீட்சை முடிஞ்ச சாயங்காலமே போன் பண்ணினேன்' என்பது ஒன்று. 'தொண்டை கட்டியிருக்குடி, அதான் குரல் இப்படி இருக்கு, நீ நல்லா எழுதிட்டு வான்னு போன்ல சொன்னாங்க' என்பது மற்றது.

"ரெண்டாவது என்னோடது" என்றாள்.

"தெரியும்."

"முதல் பத்தி நிஜமா?"

"உங்கம்மா எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியாதா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஒரே ஆஸ்பத்திரி கட்டில்ல இருந்து ரெண்டு பேர்கிட்டயும் பேசியிருக்காங்க சித்தி. அவகிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு." பிறகு, "இதை ஏன் அவ எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"நீ எப்ப போனை எடுத்தே?"

அவள் குரலைச் சரிசெய்துகொண்டு, "மூணாவது கேள்வில, 'குளிக்கப் போகும் பயணிகள் கவனத்திற்கு'ன்னு அம்மா பாத்ரூம் வாசல்ல நின்னு கத்துவாங்கன்னு வருதே, அது என்னோடது" என்றாள்.

"உங்கக்காவும் அதைத் தன்னோடதுன்னு குறிச்சிருக்கா."

"அவ எப்படி சொல்லுவா? லேட்டா குளிக்கப் போறது நான்தானே. அந்த அறிவிப்பே எனக்குத்தான்."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. நான் தலையிட மாட்டேன். நீயே அவகிட்ட கேட்டுக்கோ."

வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து மூத்தவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பிஸி. சின்னவளைக் கூப்பிட்டேன், அதுவும் பிஸி. சமைத்து முடித்து மறுபடி பார்த்தேன், அப்போதும் பிஸி. நடுவில் பிரஸ்காரர்தான் கிடைத்தார்.

"ஃபைல் என்னாச்சும்மா?"

"இன்னும் பேசி முடிக்கலைங்க. பொறுங்க."

இரண்டு மணிக்குச் சின்னவள் கூப்பிட்டாள், லைனில் மூத்தவளும் இருந்தாள். இரண்டு பேருக்கும் மூக்கடைத்த குரல்.

"சித்தி, யார் சொன்னதுன்னு பேரே போட வேணாம். இப்படியே போகட்டும்" என்றாள் சின்னவள்.

"ஆனா அந்த மூணாவதுல பாத்ரூம் கதவு நீலம்னு இருக்கு பாருங்க, அதைப் பச்சைன்னு மாத்துங்க" என்றாள் மூத்தவள்.

"நீலம்தான். மாத்தாதீங்க சித்தி."

"உனக்கு அப்ப ஆறு வயசு. உனக்கு என்னடி தெரியும்?"

"அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனது நான். எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்து அந்தக் கதவுக்குப் பெயின்ட்டே அடிக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.