மாமாங்கத்தாரின் ஏப்பம்

மாமாங்கத்தாருக்கு ஏப்பம் பிடித்தது தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆடி பிறந்தும் அது நிற்கவில்லை. சாதாரண ஏப்பமாக இருந்தால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கடல் கடந்து வந்து மோர்னிங்சைட்டில் அவர் குடியிருப்பது ஒன்பதாம் மாடி. அவர் அங்கே ஏப்பம் விட்டால், கீழே லொபியில் நிற்பவர்கள் லிஃப்ட் வந்துவிட்டதென்று கதவைப் பார்ப்பார்கள். எட்டாம் மாடிக்காரர், மேல்வீட்டில் பகல் முழுக்க அலுமாரி நகர்த்துகிறார்கள் என்று இரண்டு தடவை முறைப்பாடு எழுதினார். கடிதம் இன்னும் இருக்கிறது.

டொக்டர்மார் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லாததுதான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது.

அதையும் பொறுத்திருப்பார். ஆனால் ஆவணியில் மகள் தக்ஷிகாவுக்குக் கல்யாணம். பெண்ணின் தகப்பன் மணவறையில் இருந்து, ஐயர் சொல்லச் சொல்ல மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லித் தாரை வார்க்க வேண்டும். வாய்க்கு முன்னால் மைக் பிடிப்பார்கள். அறுநூறு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் மெதுவாகத் தொடங்கினாள்.

"அப்பா, இது ஒரு ஒப்ஷன் மட்டும்தான். சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தா என்ன? நீங்க முன்வரிசையில இருந்து வடிவாப் பாக்கலாம்."

மாமாங்கத்தார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது. அவள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மங்கையற்கரசி என்ற வைத்தியப் பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தவள் மனைவி பரிமளம். அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பதுக்குள். கிழமை நாள்களில் பஸ் ஓட்டுகிறாள். ஆனால் ஐந்து தலைமுறை மட்டக்களப்பு வைத்தியர்களின் கைமருந்து அவளிடம் இருக்கிறது. கோடைக்காலத்தில் ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணையை வாடகைக்கு எடுத்து, மூன்று நாள் மூலிகை முகாம் நடத்துவாள். போவதற்கு முன் பத்து நாள் பத்தியம்: உப்பு, புளி, மிளகாய், தேத்தண்ணி, மீன், இறைச்சி எதுவும் கூடாது. போனிலேயே கண்டிப்பாகச் சொன்னாள்.

"பத்தியம் முறிச்சவங்க மருந்தைக் குடிக்கப்படா அங்கிள். குடிச்சா நான் பொறுப்பில்ல."

மாமாங்கத்தார் ஏழு நாள் பத்தியத்திலிருந்து அசையவில்லை. உப்பில்லாத கஞ்சியும் அவித்த பயறுமாகக் கிடந்ததில் மூக்கு கூர்மையாகிவிட்டது. ஐந்தாம் நாள், பல்கனியில் நின்றபடியே, நாலைந்து மைல் தள்ளி அஜின்கோர்ட்டில் யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று சொன்னார். பரிமளம் போன் எடுத்து விசாரித்தாள். மூன்றில் இரண்டு சரி.

எட்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பரிமளம் பால்சுறா மீனை உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறை வறுத்திருந்தாள். எல்லோரும் ஹோலில் சிரித்துக்கொண்டிருக்க, மாமாங்கத்தார் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனார். கை எப்படிச் சட்டிக்குள் போனது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. மூன்று கை. அந்த ஐந்து நிமிடமும் ஏப்பம் வரவில்லை. வாய்க்கு வேறு வேலை இருந்தது.

சனிக்கிழமை காலை பரிமளம் அவரைப் பண்ணையில் இறக்கிவிட்டுத் திரும்பினாள். களஞ்சிய அறையில் பாய் விரித்து, அவரோடு சேர்த்துப் பதினாலு பேர் இருந்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி மூடிய ஒரு சின்னப் பானை. வெளியே அடுப்பில் ஒரு பெரிய கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. மங்கையற்கரசி வந்து, பத்தியம் முறித்தவர்கள் யாரும் இருந்தால் எழும்பச் சொன்னாள். பதினாலு பேரும் பாயைப் பார்த்தார்கள்.

மாமாங்கத்தார் கணக்குப் போட்டார். சொன்னால் மருந்தில்லை, தம்பி மணவறையில் இருப்பான். சொல்லாமல் குடித்து, ஏதும் நடந்துவிட்டால்? சாவதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலையில்லை. சாவுத் துடக்கு வந்துவிடும். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும். பிள்ளை அழுவாள். அந்த நினைப்புத்தான் அவரை எழுப்பி விட்டது.

"பிள்ள, நான் சுறா திண்டுட்டன்."

"எவ்வளவு?"

"மூண்டு கை."

பிறகு பக்கத்துப் பாயில் இருந்த நிசாந்தன், டிரக் ஓட்டுகிற ஆறடி ஆள், எழும்பி நின்றான். "அக்கா, நான் டோனட். எத்தனையெண்டு எண்ணேல்ல." அவனுக்குப் பின்னால் இருந்தவர் ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்றார். இன்னொருவர் கோப்பி, ஒவ்வொரு நாளும். கடைசியாக எழும்பியவர் அருள்மலர் என்ற ரீச்சர். அவருடைய கைப்பைக்குள் அந்த நிமிடமும் கருவாடு இருந்தது. பதினாலு பேரும் நின்றார்கள்.

மங்கையற்கரசி சின்னப் பானையின் துணியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"இது பத்தியம் காத்தவங்களுக்கு. பதினொரு வருசமா ஒருத்தரும் வரல்ல, நான் காய்ச்சுறதையே விட்டுட்டன். உங்கட மருந்து வெளிய கிடாரத்தில கிடக்கு."

"பிறகு ஏன் பிள்ள கேட்டனீங்க?"

"கேட்டாத்தானே அங்கிள் அளவு தெரியும். சுறாவுக்கு ஒரு டம்ளர், டோனட்டுக்கு ரெண்டு."

மாமாங்கத்தாருக்குக் காலிலிருந்து தலைவரை ஏதோ கழன்றது. பக்கத்தில் நிசாந்தன் சிரித்தான். அருள்மலர் ரீச்சர் கருவாட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

கசாயத்தின் கசப்பு அவ்வளவு இவ்வளவல்ல. சிந்திய ஒரு துளியை நக்கிய பண்ணைப் பூனை மாலைவரை பின்பக்கமாகவே நடந்தது. கழிப்பறை மூன்றுதான் இருந்தது. அன்று பின்னேரம் அந்தப் பண்ணையில் நடந்ததை மரியாதை கருதி விட்டுவிடலாம். ஞாயிறு காலை எல்லோரும் காற்றைப்போல இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாம் மருந்தை, ஆளுக்கொரு கரண்டி, தேனில் குழைத்துக் கொடுத்தாள்.

திங்கள் மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது நிசாந்தன் அவரையே பார்த்தான். "அங்கிள், நிண்டுட்டுது போல."

"கண்ணூறு படுத்தாத தம்பி," என்றார் மாமாங்கத்தார். முந்தின நாளே அவருக்குத் தெரியும். பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, சித்தப்பாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார். "அவரை முன்வரிசையில இருந்து வடிவாப் பாக்கச் சொல்லு. நான் இருக்கிறன்." அவள் பத்து நிமிடம் அவருக்கு முன்னாலேயே நின்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் கட்டிப்பிடித்தாள்.

ஐந்து கிழமை கழித்து, ஆவணியில், மாமாங்கத்தார் பட்டு வேட்டியோடு மணவறையில் இருந்து தகப்பன், பாட்டன், பூட்டன் பெயரை மைக்கில் ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னார். தாரை வார்த்தார். தண்ணீரோடு சேர்ந்து கண்ணும் ஒழுகியது. பரிமளம் மூச்சை விட்டது பத்தாம் வரிசைவரை கேட்டதாம்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஐயர் கையை உயர்த்த, மேளம் முழங்கியது. அந்த நேரம்தான், ஐந்து கிழமையாகச் சேர்ந்து கிடந்தது அடிவயிற்றிலிருந்து புறப்பட்டது. மாமாங்கத்தார் அதைத் தடுக்கவில்லை. காதில் விழக்கூடாதது எதுவும் விழாதிருக்கத்தானே கெட்டிமேளம் என்று, வாயைத் தாராளமாகத் திறந்துவிட்டார்.

தவில்காரர் மட்டும் ஒருதரம் திரும்பி, புதிதாகச் சேர்ந்த மேளம் எங்கே என்று தேடினார். தேடிவிட்டு இன்னும் பலமாக அடித்தார். மகள் தலை குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். மாமாங்கத்தார் சால்வைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அறுகரிசியை அள்ளி மணமக்கள்மேல் எறிந்தார்.