மூன்றாவது பாவம்

என் மகள் ரவிரோ, செய்யாத திருட்டைச் செய்தேன் என்று சொன்னாள். அவள் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹெட்மாஸ்டர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஏன் போட்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றி யாரும் நல்லபடியாக நினைக்க வேண்டாம்.

எங்கள் ஊர் முட்டாரே நகரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கைப்பம்பு ரிப்பேர் என் வேலை. அன்றைக்கு ஒரு பம்பைக் கழற்றி, குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. “உங்க பொண்ணு விஷயம், உடனே வாங்க” என்றார்கள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் கூப்பிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. பாதி வேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

ஹெட்மாஸ்டர் பெயர் முனேமோ. இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. எங்கள் பக்கத்து மரியாதைப்படி என் குலப்பெயரைச் சொல்லித்தான் வரவேற்றார்.

“வாங்க சிங்கக் குலத்தாரே, உட்காருங்க.”

எங்கள் வழக்கப்படி கை தட்டி வணங்கிவிட்டு உட்கார்ந்தேன். ரவிரோ மூலையில் நின்றாள். பதினாறு வயது. தலை குனிந்திருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் அழுத முகத்தோடு இருந்தாள். அவளுடைய செல்போன் காணாமல் போயிருந்தது.

“நான் யாரையும் அடிக்கல, மெரட்டல” என்றார் முனேமோ. “கிளாஸ் முழுக்க வெளிய நிக்க வச்சேன். வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தேன். ஒவ்வொருத்தரா உள்ள வரச்சொல்லி மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோதான். எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும். உங்க பொண்ணு நாலாவதா வந்தா. நான் வாயே திறக்கல. முட்டி போட்டு, நான்தான் எடுத்தேன்னுட்டா.”

“போன் எங்க?”

“கக்கூஸ் குழியில போட்டுட்டேன்னா. ரெண்டு ஆள விட்டு மூங்கிலால கலக்கிப் பாத்தாச்சு. நாறினதுதான் மிச்சம்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் மேலே நான் சொல்வது எதுவும் உங்களுக்கு விளங்காது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வரை நாங்கள் வெள்ளை அங்கிச் சபையில் இருந்தோம். மொட்டைத் தலை, கையில் கோல், செருப்பில்லாத கால். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. சனிக்கிழமை மரத்தடியில் ஜெபம். ஆனால் ஜெபத்துக்கு நேரே போய் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் வாசலைக் கடக்க வேண்டும். வாசல் என்றால் சுவரும் கதவும் இல்லை. மண்ணில் கோடு கிழித்து, அந்தப் பக்கம் தீர்க்கதரிசி உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராக அவர் முன்னால் முட்டி போட்டுத் தங்கள் பாவத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கோட்டைத் தாண்டலாம்.

அங்கே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தது நான்.

ஆவி வந்து காதில் சொல்லும் என்பார்கள். என் காதில் எந்த ஆவியும் எதுவும் சொன்னதில்லை. ஒரு ஆளை முட்டி போட வைத்துவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், அவனே கக்கிவிடுவான். அதுதான் மொத்த வித்தையும். எங்களிடம் இன்னொரு முறையும் உண்டு. ஒரு பாவம் சொன்னால் விடமாட்டோம். மூன்று சொல்ல வேண்டும். முதல் இரண்டும் மறைப்பதற்குச் சொல்வது, மூன்றாவதுதான் நிஜம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் ஜனங்கள் வீட்டிலிருந்து வரும்போதே மூன்றைத் தயார் பண்ணிக்கொண்டு வருவார்கள். குழந்தைகளும் அப்படித்தான். பாவம் பண்ண நேரமில்லாத குழந்தைகள் கற்பனை பண்ணிச் சொல்லும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே அனுப்புவேன்.

சபையை விட்டு வந்த பிறகு எல்லாவற்றையும் விட்டேன். முடி வளர்த்தேன். செருப்பு வாங்கினேன். பல்வலிக்கு மாத்திரை போட்டேன். மதுக்கடையில் உட்கார்ந்து ஒரு குவளை குடித்தும் பார்த்தேன், வானம் இடிந்து விழவில்லை. வாசலை மட்டும் விடவில்லை. அதை வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரவிரோ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவருகில் உட்கார்ந்திருப்பேன். அவள் முட்டி போட்டு வணக்கம் சொல்வாள், எங்கள் பெண்பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். நான் பதில் வணக்கம் சொல்லாமல் பார்ப்பேன். அவள் சொல்வாள். பென்சில தொலைச்சேன். கணக்கு வாத்தியார மனசுல திட்டினேன். பக்கத்து வீட்டு மாங்காயப் பறிச்சேன். மூன்று ஆனதும் “உள்ள போ, சாப்பிடு” என்பேன்.

மதுக்கடையில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

“எம்பொண்ணு எங்கிட்ட எதையும் மறைக்கமாட்டா.”

“எம்பொண்ணு எங்கிட்ட எதையுமே சொல்லமாட்டா” என்றான் பக்கத்திலிருந்த லாரி டிரைவர். “அதனாலதான்யா எனக்குக் குடிச்சா ஏறுது. உனக்குப் பாரு, மூஞ்சி இன்னும் கல்லு மாதிரி இருக்கு.”

ஹெட்மாஸ்டர் அறையில் விட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறேன். முனேமோ, “நீங்களே கேட்டுக்கங்க” என்றார். நான் கேட்கவில்லை. வழக்கம்போல் பார்த்தேன். சந்தேகம் எனக்கு ரத்தத்தில் இருக்கிறது. எடுத்திருப்பாளோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரவிரோ முட்டி போட்டாள். “போன நான்தான் எடுத்தேன்ப்பா” என்றாள். நான் பேசவில்லை. “பக்கத்து வீட்டு அத்தையோட சக்கரையும் எடுத்தேன்.” நான் பேசவில்லை. அவள் கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் மூன்றாவதைச் சொன்னாள்.

“தம்பிக்கு ஊசி போட்டுட்டா நல்லாருக்கும்னு மனசுல ஆசப்பட்டேன்.”

முனேமோவும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“என்ன ஊசி? எந்தத் தம்பி?” என்றார் முனேமோ.

அது ரவிரோவின் வார்த்தை இல்லை. அது என் மனைவி மைதெய்யின் வார்த்தை.

எங்களுக்கு யாபேத் என்று ஒரு பையன் இருந்தான். மூன்று வயது. தட்டம்மை வந்தது. சபையின் சட்டப்படி ஜெபித்த தண்ணீரைத் தெளித்தோம். ஆறாவது நாள் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை மைதெய் வாசலுக்கு வந்தாள். வாசலில் நான். எழுந்து போயிருக்கலாம், வேறு ஆளை உட்கார வைத்திருக்கலாம். செய்யவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் இரண்டைச் சொன்னாள், பிறகு மூன்றாவதாக, பிள்ளைக்கு ஊசி போட்டால் நல்லது என்று மனதில் ஆசைப்பட்டேன் என்றாள். நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “அதான். அதனாலதான் பிள்ள போச்சு.”

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது ஒன்பது வயது ரவிரோ.

அன்றைக்குச் சாயங்காலமே மைதெய் மூட்டை கட்டினாள். “நான் போறேன். வர்றதுன்னா வா, இல்லன்னா கோடு கிழிச்சுக்கிட்டு இங்கயே உக்காந்துக்க” என்றாள். நானும் அவளோடு, எங்களை யாருக்கும் தெரியாத இந்த ஊருக்கு வந்தேன். அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஆகவே அந்த அறையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசலில் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசாமல் முகத்தைப் பார்த்திருக்கிறார். என் மகளுக்கு அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்துவிட்டாள். இதை நான் சொல்ல வேண்டும். சொன்னால் நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மை வந்த வருஷம் இந்த ஊரிலும் பிள்ளைகள் போனார்கள். வெள்ளை அங்கி என்றாலே இங்கே காறித் துப்புவார்கள். தீர்க்கதரிசியாக இருந்தவன் என்று தெரிந்தால் தண்ணீர் வராமல் கிடந்தாலும் கிடக்கட்டும் என்று என்னைப் பம்புப் பக்கம் விடமாட்டார்கள்.

“சின்னப்பிள்ள, பயத்துல உளறுது” என்றேன்.

முனேமோ காகிதத்தை நீட்டினார். திருட்டை ஒப்புக்கொண்டதால் பள்ளியிலிருந்து நீக்கம். பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ரவிரோ எனக்கு முன்னால் வெளியே போய் நின்றாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை, வாசலைத் தாண்டிவிட்ட நிம்மதி இருந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் மைதெய் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லாமல் விட்டேன். அவள் துடுப்பை நிறுத்தவில்லை.

“ரெண்டுதான் சொல்றே. எம்பொண்ணு மூணு சொல்லாம விடமாட்டாளே. மூணாவது என்ன?”

சொன்னேன். துடுப்பு நின்றது. களி அடி பிடிக்கும் வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

“நீ என்ன சொன்னே?”

“உளறுதுன்னேன்.”

“உளறுதா.” அவள் சட்டியை இறக்கி வைத்தாள். “அன்னைக்கு நான் சொன்னப்ப அத பாவம்னே. இன்னைக்கு அதையே அவ சொன்னா உளறல்ங்கிறே. உனக்கு எப்பதான்யா சரியா காது கேக்கும்?”

“ரவிரோ அம்மா, ஊருக்குத் தெரிஞ்சா...”

“தெரியட்டும். நான் ஏழு வருஷமா தெரிஞ்சுக்கிட்டு உங்கூட ஒரே சட்டியில திங்கல?”

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். நான் உட்காரவில்லை. முனேமோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: வாசல், கோல், பதினோரு வருஷம், யாபேத். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. குலப்பெயர் காணாமல் போய்விட்டது.

“எந்தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளைங்க” என்றார். “ஒரே வாரத்துல ரெண்டும் போச்சு. புருஷங்காரன் அங்கிக்காரன். அப்ப ஒரு தீர்க்கதரிசியாவது என் கையில மாட்டமாட்டானான்னு அலைஞ்சேன். நீ இங்கயேதான் இருந்திருக்கே. எங்க ஸ்கூல் பம்பையே ரிப்பேர் பண்ணியிருக்கே.”

“ஆமா.”

“உன் பொழப்பே பொய்யி. இப்ப நீ சொல்றத மட்டும் நான் எப்பிடி நம்பறது?”

“நம்பாதீங்க. அவளக் கேளுங்க.”

அவர் ரவிரோ பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். இன்றைக்கு எந்தப் பதில் வேண்டும் என்று என் முகத்தில் தேடினாள். உதவி பண்ணுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: “பயப்படாத. உண்மையச் சொல்லு.”

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதினோரு வருஷம் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சொன்னது இதே சொல்தான்.

அவள் முட்டி மடிந்தது. “போன நான்தான்...”

“யோவ்” என்றாள் மைதெய். கத்தவில்லை. “நீ வெளிய போ.”

போனேன். கதவு சாத்தப்பட்டது. கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நின்றேன். ஒரு வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வாய்ப்பாடு முடிந்தது, எட்டாம் வாய்ப்பாடு முடிந்தது, ஒன்பதும் முடிந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஜன்னலோரம் போய்க் கேட்கக் கால் அரித்தது. மனிதன் எவ்வளவு கேவலம் பாருங்கள், அப்போதும் அரித்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் முனேமோ மட்டும் வெளியே வந்தார். கையில் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது.

“எடுக்கலைங்கிறா” என்றார். “அந்த ஒரு வார்த்த வர்றதுக்கு எத்தன நேரம்னு நீயே பாத்தே. ‘எடுத்தேன்’னு சொல்ல அவளுக்கு நேத்து ஒரு நொடி ஆகல.”

நான் கம்பத்திலிருந்து கையை எடுத்தேன்.

“நாளைக்கு ஸ்கூலுக்கு வரட்டும். வாசல்ல நாற்காலி போட்டது என் தப்பு, அத அவகிட்ட சொல்லிட்டேன். உன்ன நான் மன்னிக்கல. அது வேற.”

“வேண்டாம்” என்றேன்.

“ஊர்ல நான் சொல்லமாட்டேன்.”

“சொல்லுங்க” என்றேன். “பாதியில விட்ட பம்பு ஒண்ணு கெடக்கு. அங்க போய் நானே சொல்லிக்கிறேன். அதுக்கப்பறம் அவங்க வேற ஆள வச்சு மாட்டிக்கட்டும்.”

போன் இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

மைதெய்யும் ரவிரோவும் வெளியே வந்து, என்னைத் தாண்டி ரோட்டில் நடந்தார்கள். நான் பின்னால் போனேன். பாதி வழியில் ரவிரோ அம்மாவிடம் ஏதோ சொன்னாள். மைதெய் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு போனார்கள். காற்று என் பக்கம்தான் வீசியது. எங்கே காதில் விழுந்துவிடுமோ என்று நான் நடையைத் தளர்த்தினேன்.