ஒரு புள்ளி, இரண்டு கையெழுத்து

அணு ஆயுதங்களை ஒழிக்கச் சொல்லி உலகம் முழுக்கச் சுற்றும் மனுவோடு லத்தீபா டீச்சர் நேமத்தான்பட்டிக்கு வந்திருந்தார். சாலா காபியோடு கூடத்துக்கு வந்தபோது, அவள் கணவர் ஞானசம்பந்தம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார்.

"சாலா ஆச்சியும் போடட்டுமே," என்றார் டீச்சர்.

"புருசன் பெஞ்சாதி சேந்து ஒரு புள்ளி, டீச்சர். எங்க கோயில் வரிக் கணக்கே அப்படித்தான்."

சாலாவுக்குச் சுருக்கென்றது. அவள் கையெழுத்தைக் கேட்டு அந்த வீட்டுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

"குண்டு என்ன, புள்ளி பாத்தா விழும்?"

"விழுந்தா ரெண்டு பேரும் சேந்துதானே போவோம், சாலா?"

"குன்றக்குடிக்குப் போனாலே பத்தடி முன்னால நடக்குறீக. குண்டுக்கு மட்டும் சேந்து வருவீகளாக்கும்?"

டீச்சருக்குச் சிரிப்பில் காபி புரையேறியது. "நம்ம நாட்டையும் சேத்து ஒம்பது நாட்டுக்கிட்ட குண்டு இருக்கு, ஆச்சி. ஒருத்தரும் தடை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல."

"அவுக பேனாவும் சட்டைப்பையிலயே கெடக்கு போல," என்று சாலா கையை நீட்டினாள்.

ஞானசம்பந்தம் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார். தாள் படபடத்தது. அவரே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். சித்திரை வெக்கையில் சட்டை நனைய, தாளின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டார். சாலா ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

"மெதுவாப் போடு," என்றார். "அவசரமில்ல."