ஆறாவது பாட்டில் நாற்பது விநாடி

மொட்டைமாடி நாய்கள் என்ற இசைக்குழு ஐந்து வருடம் கழித்து ஒரு புது ஆல்பம் போட்டது. அதைக் கேட்டுவிட்டுப் பாம்புக்காது எழுதிய விமர்சனத்தில்தான் வினை ஆரம்பித்தது.

பாம்புக்காது என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, வேலை வாங்கிக் கொடுத்த பெயர். ஒரு பெரிய மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாய்களைப் பராமரிக்கிறவர் அவர். ஆக்சிஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. குழாய் இணைப்பில் மயிரிழை ஓட்டை விழுந்தால் 'உஸ்' என்று ஒரு சன்னமான சத்தம் வரும், அவ்வளவுதான். விதிப்படி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். இவர் அதையெல்லாம் பார்க்கிற ஆளில்லை. ஏணியில் ஏறிக் காதை வைப்பார், கண்ணை மூடுவார், 'அடுத்தது' என்பார். இருபது வருடமாக அவர் காது பொய் சொன்னதில்லை. அவரோடு வேலை பார்க்கும் இன்னொருவர் ஒவ்வொரு இணைப்புக்கும் புட்டியும் தூரிகையுமாக அரை நாள் மல்லுக்கட்டுவார். அவருக்குச் 'சோப்பு' என்று பெயர் வைத்ததே பாம்புக்காதுதான்.

வேலைக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பித்து அந்த இசைக்குழு. நாற்பத்தாறு வயதில் ராக் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவர் மனைவி கேட்காத நாளில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டிலும் டீச்சர்தான். "பாத்திரக் கடைக்குள்ள மாடு புகுந்த மாதிரி இருக்கு" என்பது மொட்டைமாடி நாய்களைப் பற்றி அவள் எப்போதோ எழுதி முடித்துவிட்ட தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. பெயர் 'ஈரச் சுவர்'. பத்துப் பாட்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் சத்தத்தை உச்சத்தில் வைத்து, மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மனசு சோர்ந்தது. சனிக்கிழமை காலையில் ரசிகர் குழுவில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார்:

"முதல் பாட்டின் கிதாருக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மூன்றாவது பாட்டில் பாடகர் குரல் உடைகிற இடம், நம் பழைய நாய்கள்தான். அதற்கு மேல் என்ன ஆயிற்று? ஆல்பம் முழுக்கக் கம்பளி போர்த்திக்கொண்டு வாசித்த மாதிரி இருக்கிறது. டிரம்மரின் சிம்பல் தட்டுகளை யார் திருடிக்கொண்டு போனது? எல்லாவற்றுக்கும் மேலே ஆறாவது பாட்டு, 'கதவிடுக்கு'. பாதியில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நாற்பது விநாடி வெறும் அமைதி. இதைக் கலை என்று நம் தலையில் கட்டுகிறார்கள். ஐந்து வருடம் காத்திருந்தவனுக்கு நாற்பது விநாடி ஒன்றுமில்லாததைக் கொடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும்."

எழுதி முடித்ததும் அவருக்கே அது பிடித்துப் போயிற்று. டீச்சரிடம் வாசித்துக் காட்டினார். அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலை எடுக்காமலே ஏதோ சொன்னாள்.

"வாய்க்குள்ளேயே பேசாதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார்.

"நான் நல்லாத்தான் பேசுறேன்" என்றாள் அவள். ஒரு வருடமாக அந்த வீட்டில் வாரம் நாலு தடவையாவது நடக்கிற சண்டைதான் அது.

ஞாயிறு காலை குழுவைத் திறந்தபோது எழுபத்தெட்டுப் பதில்கள் வந்திருந்தன. ஏறக்குறைய எல்லாம் ஒரே கேள்வி. எந்த அமைதி?

'அண்ணே, அந்த நாற்பது விநாடிதானே ஆல்பத்தின் உயிர்!' என்று ஒருவர். 'சைக்கிள் சக்கரக் கம்பியை வில்லால் இழைத்து அந்தச் சத்தத்தை எடுத்தோம் என்று பேட்டியில் சொன்னார்களே, படிக்கவில்லையா?' என்று இன்னொருவர். 'ஊசி நுனி மாதிரி ஏறி ஏறிப் போகிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது' என்று ஒரு பெண். 'பெரியவர் ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார் போல' என்று ஒரு வாண்டு.

பாம்புக்காது சிரித்தார். கூட்டமாகச் சேர்ந்து தன் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று நினைத்தார். ஹெட்போனில்தான் ஏதோ கோளாறு என்றும் நினைத்தார். எதற்கும் இருக்கட்டுமென்று கூடத்திலிருந்த பெரிய ஸ்பீக்கரில் ஆறாவது பாட்டைப் போட்டார். கிதார் நின்றது. டிரம்ஸ் நின்றது. ஸ்பீக்கரின் வலைத்துணிக்கு அரை சாண் தூரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றுமில்லை.

பக்கத்து அறையிலிருந்து டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அந்தக் கீச்சுச் சத்தத்த மொதல்ல நிறுத்துங்க. பல்லு கூசுது!"

அவர் அவளையே பார்த்தார். அவளுக்கு இந்த இசைக்குழுவின் ஒரு பாட்டின் பெயர்கூடத் தெரியாது. ரசிகர் குழுவில் யாரையும் தெரியாது. கூட்டுச் சேர்ந்து ஏமாற்ற அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

"என்ன சத்தம்?" என்றார்.

"என்ன சத்தமா? இதோ இப்பக்கூடக் கத்துதே, வெளயாடுறீங்களா?"

அவர் பாட்டை நிறுத்தினார். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, 'தெர்மாமீட்டர் அடிச்சுக்கிட்டே கெடக்கு, எடுக்காம என்ன பண்றீங்க' என்று அவள் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. மாடிவீட்டுக் குழந்தையின் பீப்பீ ஒரு வருடமாகத் தொல்லை பண்ணவில்லையே, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தார். யாரும் சிம்பல்களைத் திருடவில்லை. இருபது வருடம் ஹெட்போனை உச்சத்தில் வைத்துக் கேட்டதும் மருத்துவமனைக் கம்ப்ரசர் அறையின் இரைச்சலில் காதடைப்பான் போடாமல் நின்றதும் சேர்ந்து, கீச்சென்று வருகிற மேல்ஸ்தாயிச் சத்தங்களைச் சன்னமாக அரித்துத் தின்றிருக்கின்றன.

அந்தப் பயம் அவரை முழுசாகப் பிடிப்பதற்குள் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. போன திங்கட்கிழமை புது வார்டு. பதினெட்டுக் கட்டில், பதினெட்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் காதை வைத்து, 'அடுத்தது, அடுத்தது' என்று முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை நோயாளிகளைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மூடிய பலகை. அதற்குள் ஒரு பக்கம் ஆக்சிஜன், மறு பக்கம் பிளக் பாயிண்ட். உள்ளே கசிந்தால் பலகைக்குள் தேங்கி நிற்கும். பிளக்கைச் செருகும்போது ஒரு பொறி பறந்தால் போதும்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். "எங்க போறீங்க, இன்னைக்கி லீவுதானே?" என்று டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படியிறங்கினார். ஆட்டோவில் உட்கார்ந்ததும் சோப்புக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீ டியூட்டிலதானே இருக்க? புது வார்டுக்கு வா. சோப்புத் தண்ணி எடுத்துக்கிட்டு வா."

"அண்ணே, நீங்களா பேசுறீங்க?" என்றார் சோப்பு.

வார்டில் வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது. கட்டிலுக்குக் கட்டில் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் போன் சார்ஜரைக் கையில் எடுத்தாலே பாம்புக்காது திரும்பிப் பார்த்தார். வார்டு சிஸ்டரிடம், "சும்மா ஒரு செக்கிங், சிஸ்டர். அதுவரைக்கும் யாரும் பிளக்கத் தொட வேணாம்னு சொல்லுங்க" என்றார். தன் குரல் சாதாரணமாக இருக்கிறதா என்பதுகூட அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஒன்றாவது கட்டிலில் பலகையைக் கழற்றினார்கள். சோப்பு தூரிகையால் தடவினார். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். குமிழி இல்லை. இரண்டு, மூன்று, நான்கு. முன்பு இதே மாதிரி சோப்பு மெனக்கெடும்போது, "என்னடா, குழாய்க்கு முகச்சவரமா?" என்று கேட்டுச் சிரித்தவர் இப்போது தூரிகை போகிற இடமெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எட்டாவது கட்டில் முடிந்தபோது மூச்சு கொஞ்சம் சீரானது. தேவையில்லாமல் பயந்துவிட்டேன், திங்கட்கிழமை காது சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதினோராவது கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பலகையில் கை வைப்பதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வந்துட்டீங்களா? நாலு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன். டயர்ல காத்து எறங்குற மாதிரி ஒரு சத்தம், ராத்திரி பகல்னு இல்ல. ஏசி சத்தம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவனுக்குக் காத்து எறங்குறது தெரியாதா?"

பாம்புக்காது சோப்பின் முகத்தைப் பார்த்தார். சோப்பு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாகச் சொன்னார்: "கேக்குதுண்ணே."

பலகையைக் கழற்றியதும் பாம்புக்காது குனிந்து, திங்கட்கிழமை வைத்த அதே இடத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினார். டிரைவரின் இருமல் கேட்டது. தூரத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டது. தன் இதயம் அடித்துக்கொள்வது கேட்டது. குழாய் ஊமையாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது சோப்பு தூரிகையை எடுத்துவிட்டிருந்தார். இணைப்பின் கழுத்தில் ஒரு குமிழி கிளம்பி, உப்பி, உடைந்து, அதே இடத்தில் அடுத்தது கிளம்பியது. அதற்குப் பக்கத்தில், நான்கு விரல் தள்ளி, டிரைவரின் பேரன் சார்ஜரைச் செருகிவிட்டுப் போன பிளக் பாயிண்டின் பின்பக்கம் தெரிந்தது.

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோப்பு கெட்டிக்காரர். அந்தக் கட்டிலுக்கான வால்வை மூடினார், சார்ஜரைத் தள்ளிப் போட்டார், டிரைவருக்குச் சிலிண்டர் கொண்டுவரச் சொன்னார், இணைப்பை மாற்றினார். மீதி ஏழு கட்டிலையும் பார்த்தார். வேறெங்கும் குமிழி வரவில்லை. முடிந்ததும் வராந்தாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். அவ்வளவு தாழ்ந்த குரலைப் பிடிக்க, பாம்புக்காது அவருடைய உதட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அண்ணே, சரி பண்ணியாச்சு. காதும் காதும் வச்ச மாதிரி இதோட விட்டுருவோம். இனிமே நான் கூட வந்து சோப்புப் போடுறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் அவருக்கு வெட்கமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. வேலை போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? காது கேட்காத பாம்புக்காது என்று ஊரே சிரிக்கும். ஆனால் இது எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாதே. ஒரு வருடமோ, இரண்டோ. இந்த இரண்டு வருடத்தில் அவர் காதை வைத்துக் கையெழுத்துப் போட்டவை: பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர் இரண்டு, அவசரப் பிரிவு. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் எத்தனை குழாய் உஸ்ஸென்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ, கேட்கிறவர்கள் ஏசி சத்தம் என்று போய்க்கொண்டிருக்கிறார்களோ?

"இல்லப்பா" என்றார். "இது நமக்குத் தெரிஞ்ச ஒன்னு. தெரியாதது எத்தனையோ?"

பராமரிப்புப் பதிவேட்டை வாங்கி, நின்றபடியே எழுதினார்: 'என் காதில் மெல்லிய சத்தங்கள் விழுவதில்லை. இரண்டு வருடமாக நான் சரிபார்த்த எல்லா இணைப்பையும் சோப்புத் தண்ணீர் போட்டு மறுபடி பார்க்கவும். பிரசவ வார்டிலிருந்து ஆரம்பிக்கவும்.' பிறகு மருத்துவமனை இன்ஜினியருக்குப் போன் செய்து அதையே வாயாலும் சொன்னார். மறுமுனையில் இன்ஜினியர் கத்தியது நன்றாகவே கேட்டது. மறுநாள் காலை தன் அறைக்கு வரச் சொன்னார். என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னார்.

சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு ஒரு காரியம் பண்றியா?" என்று கேட்டார். "அந்த ஆறாவது பாட்டப் போடுறேன். அந்தச் சத்தம் வர்றப்ப விரலத் தூக்கு. மேல போனா மேல தூக்கு. எறங்குனா எறக்கு."

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு கேலி வந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தாள். கிதார் நின்றது. டிரம்ஸ் நின்றது. அவளுடைய ஆள்காட்டி விரல் எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவள் விரலை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனாள். முகத்துக்கு நேரே வந்து, நெற்றியைத் தாண்டி, ஓரிடத்தில் நின்று நடுங்கியது. அங்கேதான் ரசிகர் குழுவின் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அவருக்கும் வந்தது. ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த நாற்பது விநாடியை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆல்பத்துக்கு எது மிஞ்சும், அதற்கடுத்ததற்கு எது மிஞ்சும் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. அதை நிறுத்த முடியவில்லை.

விரல் இறங்கியது. பாட்டு முடிந்தது. டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோள் லேசாக அசைந்ததை வைத்து, ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

வாய்க்குள்ளேயே பேசாதே என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார். எழுந்துபோய் அவள் முகம் தெரிகிற மாதிரி எதிரே நின்றுகொண்டார்.

"எனக்குக் கேக்கலம்மா" என்றார். "இன்னொரு தடவ சொல்லு."