ஒண்ணும் வரலை

மூன்று வாரமாக மிலாடா பயந்துகொண்டிருந்த கேள்வியை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தம்பி பொஹுஷ் கேட்டே விட்டான்.

"அக்கா, வீட்டுக் கடன்ல புதுசா ஏதாவது வருதா? வங்கி சரின்னுடுச்சு. நாளைக்கே கையெழுத்துப் போடலாம். ஆனா ரெண்டு மாசம் பொறுத்தா வீட்டுக்காரர் விலையைக் கொஞ்சம் இறக்குவார்."

"அண்ணி, பேரம் பேசியே என்னைக் கட்டினவர், விடுங்க," என்றாள் அவன் மனைவி ஹெட்விகா, சக்கர நாற்காலியிலிருந்து சூப்பை நீட்டியபடி.

அவர்கள் இருப்பது ரூஜினொவ் பகுதியில் மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். நான்காவது மாடி. ஹெட்விகா தேவாலயத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பொஹுஷ் வாங்கப் பார்ப்பது தெருக்கோடியில் ஒரு தரைத்தள வீடு.

மிலாடாவுக்கு மைய வங்கியில் நிதி நிலைத்தன்மைப் பிரிவில் வேலை. ஓய்வு வயதைத் தாண்டி நீளும் வீட்டுக் கடன்களைப் பாதியாகக் குறைக்கும் விதியை எழுதியதே அவள்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கடனும் நியாயமாகத்தான் தெரியும். எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் தவணை நின்றுபோனால் வங்கிகள் ஆடிவிடும், ஊரார் சேமிப்பும் போய்விடும். வரும் வியாழக்கிழமை அறிவிப்பு, அன்றே அமல். முன்கூட்டியே கசிந்தால் நாடே வங்கி வாசலில் முண்டியடிக்கும். பொஹுஷுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருடக் கடன்.

அவள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது வந்தாலும் வராவிட்டாலும், வீட்டில் யார் கேட்டாலும், "கடனைப் பத்தி நான் பேசறதில்லை" என்ற ஒரே பதிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொந்தத் தம்பியிடம் என்ன அதெல்லாம் என்று மிலாடா அதைக் கடைப்பிடிக்கவில்லை. பதினோரு வருடமாக, "ஒண்ணும் வரலைடா, நிம்மதியா இரு" என்றே சொல்லிவந்தாள். அத்தனை முறையும் அது உண்மையாக இருந்தது. இன்று அதைச் சொன்னால் பொய். சொல்லாவிட்டால் அதுவே சேதி.

"உருளைக்கிழங்கு சாலட்ல உப்பு கம்மி," என்றாள்.

"சாலட் இன்னும் மேசைக்கே வரலையே!" பொஹுஷ் உரக்கச் சிரித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

சாப்பாடு முடிந்தது. மிலாடா எழுந்து பாத்திரம் கழுவினாள். ஆண்டவரே, எனக்கு ஒரு வாசலைக் காட்டும் என்று குழாயடியில் வேண்டிக்கொண்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

வழியனுப்ப வந்த பொஹுஷ் படிக்கட்டில் நின்றான். "ரெண்டு மாசம் பொறுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான்கா உன்கிட்ட கேட்டேன். அப்படியே பொறுக்கறேன். ஹெட்விகாவும் அதைத்தான் சொல்றா."

மிலாடா கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தாள். "டேய், பொஹுஷ்..."

"பேசாதே. நீ இன்னும் ஒண்ணும் சொல்லலை. உன் மூஞ்சியைப் பாத்துட்டு நான் கையெழுத்துப் போட்டா, அப்புறம் உனக்கு ராத்திரி தூக்கம் வருமா?"

போடுடா என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லாமலே இறங்கினாள்.

வியாழக்கிழமை விதி வந்தது. மாலையில் பொஹுஷ் தொலைபேசியில் கூப்பிட்டான். "நல்ல விதிதான்கா. எழுபத்து மூணு வயசுல நான் எங்கேர்ந்து கட்டறது?" குரல் சிரிக்கப் பார்த்தது. அந்தத் தரைத்தள வீட்டை சனிக்கிழமை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு மிலாடா அவர்கள் கதவைத் தட்டினாள். காலில் தட்டையான செருப்பு, கையில் பழைய தோல் கையுறை. "பூசை ஒன்பதரைக்கு. நாற்காலியை நான் முன்னாடி பிடிக்கறேன், நீ பின்னாடி பிடி. இனிமே ஒவ்வொரு ஞாயிறும் வருவேன்."

எழுபத்திரண்டு படிகள். மூன்றாம் மாடியிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. இதுவரை வணக்கம்கூடச் சொல்லியிராத அந்த வீட்டுக்காரர் அரைச் சவரத்தோடு வந்து ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி," என்றாள் நாற்காலியிலிருந்த ஹெட்விகா, குறும்பாக. "கடன்ல புதுசா ஏதாவது வருதா?"

"கடனைப் பத்தி," மிலாடா மூச்சிரைத்தாள், "நான் பேசறதில்லை."

பொஹுஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலி ஆடிவிடாமல் மூவரும் ஒரு நிமிடம் நின்றார்கள். கீழே இன்னும் முப்பத்தாறு படிகள் இருந்தன. திரும்பி ஏற எழுபத்திரண்டு.